காலியாகவே இருந்த தொட்டி

ஜொகூர் மாநிலத்தில், எங்கள் ஊரான சாஆவில் வெள்ளம் வந்த வாரத்தில் நான் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தேன். நிவாரண மையமாக மாறியிருந்த பள்ளி மண்டபத்தில் எந்தெந்தப் பெண் மாதவிலக்குப் பேட் வாங்கினாள் என்று அதில் எழுதினேன். பெயர், அடையாள அட்டை எண், கூடார எண், பகலுக்கா இரவுக்கா, கையெழுத்து. ரூலர் வைத்து ஐந்து கட்டங்கள் போட்டிருந்தேன். மூன்றாம் நாள் மாலை பட்டியலை மேலிருந்து கீழே வாசித்தேன். அண்ணியின் பெயர் இருந்தது. என் அம்மாவின் பெயர் இல்லை.

அம்மாவுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. நின்றுபோயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கை நீட்டினால் தொடும் தூரத்தில், ஒரே கூடாரத்துக்குள் படுத்திருந்த அம்மாவைப் பற்றி நான் நினைத்துக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. அண்ணிக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முழுதாக முடித்தவள் நான்தான். அம்மா எஸ்டேட் பள்ளியில் இரண்டாம் வகுப்போடு நின்றவர். தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். பிறகு எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கினார். அண்ணன் ஒன்பதாம் வகுப்பான படிவம் மூன்றோடு நின்றுவிட்டு இப்போது சிங்கப்பூரில் வேலை செய்கிறான். ஜொகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கி, தினமும் பாலம் கடந்து போய் வருகிறான். நான் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்துப் பட்டம் வாங்கி, ஜொகூர் பாருவில் ஒரு கிளினிக்கின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஊருக்கு நான் வருகிற நாளில் அம்மா பக்கத்து வீட்டுக்காரர்களிடம் நேரத்தோடு சொல்லி வைப்பார். அது எனக்குப் பிடிக்கும்.

சீனப் பெருநாள் விடுமுறைக்கு அப்படி வந்திருந்தபோதுதான் மழை பிடித்தது. அண்ணன் வேலைக்குத் திரும்பிப் போயிருந்தான். காலை பத்து மணிக்கு வாசற்படியில் நின்ற தண்ணீர், பதினொரு மணிக்கு ஃபிரிட்ஜின் காலை நனைத்தது. பெண்கள் மூவரும் ஆளுக்கு ஒரு பை எடுத்தோம். நான் கைப்பையோடு எடுத்தது என் சான்றிதழ்க் கோப்பு. பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதை இன்னொரு பிளாஸ்டிக் பையில் போட்டு, நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அண்ணி ஒரு சாக்குப்பை நிறைய எதையோ திணித்து, மூடி போட்ட பெயிண்ட் வாளி ஒன்றையும் தூக்கிக்கொண்டு வந்தார்.

படகில் ஏறும்போது கேட்டேன். "வாளி எதுக்கு அண்ணி?"

"தண்ணிக்கு நடுவுல போறோம், தண்ணி அள்ள வேணாமா?"

படகோட்டி வரை சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அண்ணி எங்கள் ஊருக்குப் பக்கத்து எஸ்டேட்டைச் சேர்ந்தவர். கோழி வெட்டிச் சுத்தம் செய்யும் தொழிற்சாலையில் வேலை. எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர், ஆனால் வந்த முதல் மாதத்திலேயே என்னைப் 'பாப்பா' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அது அம்மா மட்டும் என்னைக் கூப்பிடும் பெயர். யாரைக் கேட்டு எடுத்துக்கொண்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மண்டபத்துக்குள் குடும்பத்துக்கு ஒன்றாகப் போட்டிருந்த சிறு கூடாரங்களில் எங்களுக்குப் பதினெட்டாம் எண் கிடைத்தது. அண்ணி நடுவில் படுத்தார். அம்மாவின் கால் வெடிப்புக்கு எண்ணெய் தடவினார். அம்மா அவருக்குத் தலை பின்னிவிட்டார். எனக்கு அம்மா செய்ததெல்லாம் வேறு மாதிரி. மின்விசிறிக்கு நேராக எனக்கு அட்டை விரித்தார். சாப்பாட்டுப் பொட்டலத்தை முதலில் என் கையில் கொடுத்தார். யாரோ விட்டுப்போன பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்து, "நீ இதுல ஒக்காருமா" என்றார். விருந்தாளிக்குச் செய்வதையெல்லாம் எனக்குச் செய்தார். நான் கூடாரத்துக்குள் நுழைந்தால் இருவரும் பேச்சை நிறுத்துவார்கள்.

"என்னா பேசிட்டு இருந்தீங்க?"

"ஒண்ணுமில்ல பாப்பா. நீ போய் ஒன் வேலயப் பாரு."

என் வேலை என்பது அந்த மேசைதான். அதையும் எனக்கு வாங்கிக் கொடுத்தது அம்மாதான். முதல் நாள் மதியம் நல இலாகா அதிகாரி, நடு வயது மலாய்க்காரப் பெண்மணி, பெண்களுக்கான பொருள்களைக் கவனிக்க ஒரு ஆள் வேண்டும், எழுதப் படிக்க நன்றாகத் தெரிந்தவராக இருக்கட்டும் என்றார். யாரும் வாய் திறப்பதற்குள் அம்மா என் முதுகில் கை வைத்துத் தள்ளினார். "அனாக் சாயா, புவான். டிகிரி." என் மகள், மேடம், பட்டதாரி. அந்த மண்டபத்தில் அத்தனை பேர் முன்னால் அம்மாவின் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதே இல்லை.

மண்டப வாசலில் மேசையைப் போட்டார்கள். என் இடப்பக்கம் பிஸ்கட்டும் தண்ணீர்ப் போத்தலும், வலப்பக்கம் போர்வை. எந்நேரமும் ஆண்கள் வரிசை நிற்கும் இடம். எனக்கு அப்போது அது உறுத்தவில்லை. இது என்ன திருட்டுப் பொருளா, ஒளித்து வைத்துக் கொடுப்பதற்கு? பல்கலைக்கழகத்தில் இதைப் பற்றி மேடையேறிப் பேசியவள் நான்.

முதல் நாளிலேயே ஓர் அக்காள் வந்து நின்றார். என் பக்கம் பார்க்காமல் பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"தங்கச்சி, பேம்பர்ஸ் இருக்கா?"

"இருக்குக்கா. கொழந்தைக்கு எத்தன மாசம்?"

"மாசமா..." அவர் தயங்கினார். "பதினாறு வயசு."

"பதினாறு வயசா!"

தண்ணீர்ப் போத்தல் வரிசையில் நின்றவர்கள் மொத்தமாகத் திரும்பினார்கள். அக்காள் இருப்பதிலேயே பெரிய அளவு பேம்பர்ஸை இழுத்து முந்தானையில் மறைத்துக்கொண்டு போய்விட்டார். நான் நோட்டில் 'குழந்தை' என்று எழுதி, வயதுக் கட்டம் போடாமல் விட்டதற்காக என்னையே நொந்துகொண்டேன்.

மறுநாள் பெண்கள் கழிவறையில் மூடியுள்ள பெரிய குப்பைத்தொட்டி ஒன்றை வைத்து, அதற்கு மேலே அறிவிப்பு ஒட்டினேன். மலாயில் எழுதி, கீழே தமிழிலும் எழுதினேன். 'பேட்டைக் கழுவ வேண்டாம். தண்ணீரைச் சேமிக்கவும். தாளில் சுற்றி இத்தொட்டியில் போடவும்.'

அதற்குக் காரணம் இருந்தது. தண்ணீர் சுத்திகரிக்கும் நிலையமே மூழ்கிப்போய்க் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. லாரி நாளுக்கு ஒருமுறை வந்தது. எங்கள் பக்கத்தில் பேட்டைக் கழுவாமல் யாரும் குப்பையில் போட மாட்டார்கள். மலாய்க்காரப் பெண்களும் சரி, தமிழ்ப் பெண்களும் சரி, இந்த ஒரு விஷயத்தில் ஒன்று. வெள்ளையாகும் வரை அலசி, பிழிந்து, பையில் கட்டி, அப்புறம்தான் குப்பைக்கு. கழுவாமல் போட்டால் பேய் மோப்பம் பிடித்து வரும் என்று மலாய்க்காரக் கிழவிகள் சொல்வார்கள். நாய் இழுத்துக்கொண்டு போய் நடுத்தெருவில் போடும் என்று அம்மா சொல்வார். நானும் பத்தொன்பது வயது வரை கழுவியவள்தான். பல்கலைக்கழக விடுதியில் என்னோடு அறையில் இருந்த சீனப் பெண் அதைப் பார்த்து, "துவைத்து மறுபடியும் வைத்துக்கொள்ளப் போகிறாயா?" என்று சிரித்தாள். மறு மாதத்திலிருந்து விட்டுவிட்டேன். எங்கள் வீட்டுப் பெண்களைவிட ஒரு படி மேலே போய்விட்டதாக எனக்கு நினைப்பு.

அறிவிப்பில் எழுதியது எதுவும் தப்பு இல்லை. தொட்டிதான் காலியாகவே இருந்தது. வைத்த அன்று இரவு திறந்து பார்த்தேன், காலி. மூன்றாம் நாள் ஒரு பிஸ்கட் உறை. அத்தனை பெண்கள் இருக்கும் மண்டபத்தில் இது எப்படி என்று யோசித்தேன். பதற்றத்தில் மாதவிலக்குத் தள்ளிப்போகும் என்று எங்கோ படித்திருந்தது ஞாபகம் வந்தது. திருப்தியாக இருந்தது. படித்திருந்ததால்தானே இது புரிகிறது.

அன்று மாலை நல இலாகாப் புவான் வந்தார். லாரியில் இரவுக்கான தடித்த பேட் இரண்டு பெட்டி இருப்பதாகவும், இன்னொரு மண்டபத்தில் கேட்கிறார்கள் என்றும் சொன்னார். "உங்களுக்கு இருப்பது சுக்குப்?" போதுமா என்று கேட்டார்.

"சுக்குப், புவான்." தொட்டி காலியாக இருப்பதைச் சொன்னேன். பதற்றத்தைப் பற்றிப் படித்ததையும் சொன்னேன். புவான் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர் மாதிரி இருந்தது. பிறகு தலையசைத்துவிட்டுப் போனார். லாரியும் போயிற்று. என்னிடம் மிஞ்சியது பகல் பேட் கொஞ்சம், ஜொகூர் பாருவிலிருந்து யாரோ அனுப்பிய, தாள் போல மெல்லிய லைனர் மூன்று பெட்டி, பிறகு என் கைப்பையில் எனக்கென்று எடுத்து வைத்திருந்த நைட் பேட் ஒரு பாக்கெட்.

நான்காம் நாள், மதியச் சாப்பாட்டு வரிசை நீண்டு நின்ற நேரத்தில், அண்ணி மேசைக்கு வந்தார்.

"பாப்பா, நைட் பேட் ஒரு பாக்கெட் குடு."

"நேத்துதான வாங்கினீங்க அண்ணி."

"முடிஞ்சிருச்சு."

"ஒரு பாக்கெட்ல எட்டு இருக்கு. ஒரே நாள்ல எட்டா?"

அண்ணி குரலைத் தாழ்த்தினார். "ஆமா. குடு லா."

நானும் தாழ்த்தியிருக்கலாம். முந்தின நாள் அம்மா அவருக்குத் தலை பின்னிவிட்டதும், நான் வந்ததும் நின்றுபோன பேச்சும் இன்னும் ஆறாமல் இருந்தன. நோட்டைத் திறந்து அவருடைய பெயரில் விரலை வைத்தேன். "ஒரு ஆளுக்கு ஒரு பாக்கெட்தான். இங்க பாருங்க, உங்க கையெழுத்து. வீட்டாளுன்னு ரெண்டு குடுத்தா நாளைக்கு மத்தவங்க என்னா பேசுவாங்க?"

வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அண்ணியின் காது மடல் சிவந்தது. ஆனாலும் அவர் அவராகத்தான் இருந்தார்.

"சரிங்க மேடம். அப்ப அந்தச் சன்னமா இருக்கறத ரெண்டு டப்பா குடுங்க. ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டி மெத்த செஞ்சிக்கறேன்."

சாப்பாட்டு வரிசையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். நான் லைனர் இரண்டு டப்பாவைத் தள்ளினேன். கையெழுத்து வாங்கினேன். கோணல் மாணலான அந்தக் கையெழுத்தைப் பார்த்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. இதை மறைத்துவிட்டு இந்தக் கதையை எழுத முடியாது. அந்த நான்கு நாள்களில் எனக்கு வந்த முழு மகிழ்ச்சி அது ஒன்றுதான்.

அம்மா சாப்பிட வரவில்லை. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கூடாரத்துக்குப் போனேன். தான் உடுத்தும் கறுப்புக் கைலிகளில் ஒன்றை நான்காக மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். உதடு வெளுத்திருந்தது.

"சாப்புடுங்கம்மா."

"பசிக்கல."

"தல வலிக்குதா? பேனடால் எடுத்துட்டு வரவா?"

"ம். வேணாம். நீ போ, மேசயில ஆள் இல்லாம இருக்கப் போவுது."

அண்ணி மூலையில் உட்கார்ந்து லைனரை ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தார். அம்மா அவரைப் பார்த்தார். அவர் அம்மாவைப் பார்த்தார். நான் எழுந்து வந்துவிட்டேன். தினமும் மற்றவர்களின் இரத்தத்தை எண்ணி அறிக்கை எழுதுகிறவள், அந்த வெளுத்த உதட்டைப் பார்த்துவிட்டுத் தலைவலி மாத்திரை கேட்டேன்.

நான்கு மணி இருக்கும். தூறிக்கொண்டிருந்தது. அண்ணி அந்தப் பெயிண்ட் வாளியைத் துண்டால் மூடி எடுத்துக்கொண்டு முன்னால் போக, அம்மா சுவரைப் பிடித்தபடி பின்னால் போனார். மேசையை அப்படியே போட்டுவிட்டுத் தொடர்ந்து போனேன். அம்மாவுக்கு என்னவோ என்ற பயத்தில் போனதாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான். என்னை விட்டுவிட்டு இருவரும் எங்கே போகிறார்கள் என்று பார்க்கத்தான் போனேன்.

பள்ளியின் சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் போனார்கள். அங்கே பழைய விளையாட்டுப் போட்டிப் பேனர் ஒன்றை இரண்டு தூணுக்கு நடுவில் கட்டித் திரையாக்கியிருந்தார்கள். கூரையின் உடைந்த குழாயிலிருந்து மழைத் தண்ணீர் பீப்பாய் போன்ற ஒரு நீலத் தொம்பில் விழுந்துகொண்டிருந்தது. கொட்டகையின் இந்தப் பக்கம் ஏழெட்டுப் பெண்கள், தமிழும் மலாயும் கலந்து, ஆளுக்கு ஒரு கறுப்புப் பை அல்லது துண்டில் சுற்றிய மூட்டையோடு குந்தியிருந்தார்கள். பேம்பர்ஸ் வாங்கிப்போன அக்காள் தன் மகளோடு இருந்தார். மகள் மட்டும் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்; மற்றவர்கள் கவனிக்கவில்லை. தொட்டி ஏன் காலியாக இருந்தது என்று எனக்கு அப்போது தெரிந்தது. தொட்டியைத் தூக்கிப்போய்க் கொட்டுகிறவர்கள் சீருடை போட்ட ஆண்கள். கழுவாத ஒன்றை அவர்கள் கைபடும் இடத்தில் போட இந்தப் பெண்களில் ஒருத்திக்கும் மனம் வரவில்லை. கழுவத் தண்ணீர் இல்லை என்பதால் காலையில் வைத்ததையே மறுநாள் வரை வைத்திருந்தார்கள். கழற்றியதைப் பையில் கட்டித் துணிகளுக்கு நடுவில் ஒளித்து வைத்திருந்தார்கள். அண்ணி அதற்கு வழி செய்திருந்தார். ஆளுக்கு மூன்று குவளைத் தண்ணீர். கழுவிய நீர், பிள்ளைகள் நடக்கும் வெள்ளத்தில் கலக்காதபடி வெட்டிய குழிக்கு. கட்டிய பைகள் ஒரு சாக்குக்கு. அந்தச் சாக்கை அண்ணியே தூக்கிக் குப்பை லாரியில் ஏற்றினாராம். எனக்கு ஒரு மேசை கிடைத்த அதே நாளில் அவர் இதைத் தொடங்கியிருக்கிறார்.

நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். பேனருக்கு உள்ளிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"விடும்மா, நான் அலசிக்கறேன். ஒனக்கு என்னா தலயெழுத்தா?"

"சும்மா புடிச்சிகிட்டு நில்லுங்க அத்த. தல சுத்துதுன்னு இப்பத்தான் சொன்னீங்க. கோழி பேக்டரியில ஒரு நாளைக்கு எவ்ளோ ரத்தம் பாக்கறேன், இது ஒரு ரத்தமா?"

"என்னையக் கோழின்ற."

"வெடக்கோழி."

அம்மா சிரித்தார். அப்படி வாய்விட்டு என்னோடு சிரித்து எத்தனை வருடம் ஆயிற்று என்று நான் கணக்குப் பார்த்தேன்.

வெளியே குந்தியிருந்த பேம்பர்ஸ் அக்காள் குரல் கொடுத்தார். "ஏன் பெரியம்மா, ஒங்க மக கையிலதான எல்லாம் இருக்கு? அவகிட்ட ஒரு வார்த்த சொன்னா ஆவாதா?"

"அவகிட்டயா? வேணாம் லா. அவ நோட்ல எழுதிருவா," என்றார் அம்மா.

எல்லோரும் சிரித்தார்கள். புரியாத மலாய்க்காரக் கிழவிக்கு யாரோ மொழிபெயர்த்துச் சொல்ல, அவரும் "அலமாக்!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"சிரிக்காதீங்க," என்றார் அம்மா. "படிச்ச புள்ள, அத்தன பேரு முன்னுக்கு மேச போட்டு ஒக்காந்திருக்கு. அங்க போயி, ஆத்தாளுக்கு இப்டி ஊத்துதுன்னு நான் நின்னா அதுக்கில்ல அசிங்கம்?"

"ரெண்டு வருசமா இதே கததான்," என்றார் அண்ணி. "ஆசுபத்திரிக்குப் போலாம்னா வரமாட்டேங்கறீங்க. நான் கூட வரேன்னாலும் வரமாட்டேங்கறீங்க."

இரண்டு வருடம். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். அம்மா மேல்கூட இல்லை. இரண்டு வருடமாக இதைத் தன்னிடம் வைத்துக்கொண்டிருந்த அண்ணி மேல். அம்மாவின் வலி ஒரு பொருள் மாதிரியும், எனக்கு வரவேண்டியதை அவர் கைமாற்றி வாங்கிக்கொண்ட மாதிரியும் கோபம் வந்தது. பிறகுதான், நைட் பேட் எட்டும் யாருக்குப் போயின என்று உறைத்தது. சாப்பாட்டு வரிசை முழுவதும் பார்க்க நின்று, இது எனக்கில்லை என்று ஒரு வார்த்தை சொல்லாமல், காது சிவந்து நின்றவரின் முகம் ஞாபகம் வந்தது.

மண்டபத்துக்குத் திரும்பி நடந்தேன். கழிவறைக்குப் போய் அறிவிப்பைப் பிய்த்தேன். பிறகு புவானைத் தேடிப் போனேன். "தாக் சுக்குப், புவான்," என்றேன். போதாது. நான் சொன்னது தப்பு. தொட்டி காலியாக இருந்ததற்குக் காரணம் என் அறிவிப்பு. சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது. நான் பிழை செய்தேன் என்று ஓர் அதிகாரியிடம் சொன்னது என் வாழ்நாளில் அதுதான் முதல்முறை.

புவான் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். பிறகு மெதுவாக, தங்கையிடம் பேசுவது போல் சொன்னார். "அடிக், நானும் கழுவித்தான் போடுவேன். உன் அறிவிப்பைப் பார்த்த நாளிலிருந்து இங்கே மாற்றவே இல்லை. வீட்டுக்குப் போய்த்தான் மாற்றுகிறேன்."

"ஏன் புவான் சொல்லல?"

"நீ படித்த பெண். உனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்."

அவர் போன் செய்து பார்த்தார். அந்த இரண்டு பெட்டியும் பிரித்துக் கொடுத்தாகிவிட்டது. அடுத்த லாரி மறுநாள் மதியம்தான்.

என் கைப்பையில் இருந்த பாக்கெட்டை எடுத்துக்கொண்டு சைக்கிள் கொட்டகைக்கு ஓடினேன். பேனர் வாசலில் மலாய்க்காரக் கிழவி கையை நீட்டித் தடுத்தார். வரிசையில் வரச் சொன்னார். அண்ணி எட்டிப் பார்த்தார். முழங்கை வரை ஈரம். நான் பாக்கெட்டை நீட்டினேன்.

"எங்கேருந்து வந்துச்சு இது? ஒரு ஆளுக்கு ஒண்ணுதான மேடம்?"

"என்னோடது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் எதை ஒட்டுக்கேட்டேன், எவ்வளவு ஒட்டுக்கேட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. "நீயே குடு," என்றார்.

"நீங்களே குடுங்க அண்ணி. உங்ககிட்டன்னா வாங்கிப்பாங்க."

அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

"கை ஈரமா இருக்கு பாப்பா. உள்ள போ."

அம்மா இன்னும் முடித்திருக்கவில்லை; சுவரைப் பார்த்து நின்றிருந்தார். என்னைக் கண்டதும், தூக்கிப் பிடித்திருந்த கைலியைச் சட்டென்று கீழே விட்டார். வேற்று ஆள் வந்துவிட்ட மாதிரி.

"நீ ஏன் இங்க வந்த?"

பாக்கெட்டைக் காட்டினேன். அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எழுதிட்டியா?"

"இல்லம்மா."

வாங்கிக்கொண்டார். பிறகு, "குவள அங்க இருக்கு, ஊத்து," என்றார். ஊற்றினேன். குவளை முழுவதும் ஒரே சாய்ப்பில் கொட்டிவிட்டது.

"மெதுவா! அடுத்தவங்களுக்கு வேணாமா?"

வெளியிலிருந்து அண்ணியின் குரல் வந்தது. "இது டிகிரியில வரல போல அத்த."

அம்மா சிரித்தார். பரவாயில்லை, அந்த முறை நானும் பக்கத்தில் இருந்தேன்.

மறுநாள் லாரி வந்ததும் பெட்டிகளைக் கொட்டகைக்கே கொண்டுபோய்விட்டோம். பெயர் கேட்கவில்லை, எண் கேட்கவில்லை. புவானின் அறிக்கைக்கு மொத்தக் கணக்கு மட்டும் தேவைப்பட்டது. யார் யாருக்கு எவ்வளவு என்று அண்ணி மனத்திலிருந்து சொன்னார், நான் கூட்டி எழுதினேன். பேம்பர்ஸ் அக்காளின் மகள் மட்டும் கடைசி நாள் வரை என் கையிலிருந்து எதையும் வாங்கவில்லை. அண்ணி கொடுத்தால் வாங்கினாள்.

வெள்ளம் வடிந்து இரண்டு மாதம் கழித்து அம்மா ஒரு வழியாக ஆஸ்பத்திரிக்கு ஒத்துக்கொண்டார். கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் எடுக்கும் நாள். நான் விடுப்பு எடுத்து, ஜொகூர் பாருவிலிருந்து முதல் பஸ் பிடித்துப் போனேன். பஸ்சில் போகும் வழியெல்லாம் டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனத்துக்குள் வரிசைப்படுத்திக்கொண்டேன். நான் போய்ச் சேரும்போது அண்ணி ஏற்கெனவே எண் எடுத்து, அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எதையோ சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். அன்று அவருக்கும் வேலை நாள்தான்.

தாதி வெளியே வந்து அம்மாவின் பெயரைக் கூப்பிட்டாள். கூட ஒரு ஆள் மட்டும் வரலாம் என்றாள். அண்ணியும் நானும் ஒரே நேரத்தில் எழுந்தோம். அண்ணி மறுபடி உட்காரப் போனார். அம்மா எங்கள் இருவரையும் பார்த்தார். என்னை இன்னும் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"மருமக வரட்டும்," என்றார். "நீ இங்கயே இரு பாப்பா. வெளிய வந்ததும் தாள் குடுப்பாங்க. அத நீதான் படிச்சிச் சொல்லணும்."

அண்ணி தன் பையை என் மடியில் வைத்துவிட்டுப் போனார். கதவு மூடியது. வரிசைப்படுத்தி வைத்திருந்த கேள்விகளோடு நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சிறிது நேரம் கழித்து அந்தப் பையைத் திறந்து பார்த்தேன். செய்யக்கூடாதுதான். உள்ளே நைட் பேட் ஒரு பாக்கெட், கறுப்புப் பிளாஸ்டிக் பை இரண்டு, ஸ்கேன் முடிந்ததும் அம்மா மாற்றிக்கொள்ள மடித்து வைத்த கறுப்புக் கைலி ஒன்று.

என் பையிலும் ஒரு கைலி இருந்தது. முந்தின நாள் ஜொகூர் பாருவில் வாங்கியது. அதுவும் கறுப்புதான். ஒட்டியிருந்த விலைச் சீட்டைப் பிய்த்தேன். அண்ணியின் கைலிக்கு மேல், கையை விட்டதும் முதலில் அகப்படும்படி, என்னுடையதை வைத்துப் பையை மூடினேன்.